மிட்டாய்க்காரர் கட்டிய மூலைவீடு: ஃபுல்டன் தெரு 1198

சான் பிரான்சிஸ்கோவின் அலமோ சதுக்கப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஓரத்தைப் பார்த்துத்தான் நிற்பார்கள். அஞ்சலட்டைகளிலும் காலண்டர்களிலும் எல்லோரும் பார்த்துச் சலித்த அந்த வண்ண வீட்டு வரிசை ஸ்டைனர் தெருவில் இருக்கிறது. 1892க்கும் 1896க்கும் இடையில் மேத்யூ கவனா என்ற கட்டுமானக்காரர் விற்பனைக்காகக் கட்டிய வீடுகள் அவை. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள வீடுகளில் உண்மையிலேயே ஆராய வேண்டியது எது என்று கேட்டால், நான் கைகாட்டுவது வடமேற்கு மூலைக்கு எதிரே, ஃபுல்டன் தெருவும் ஸ்காட் தெருவும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் கோபுர வீட்டைத்தான்.

கதவிலக்கம் 1198, ஃபுல்டன் தெரு. கட்டிய ஆண்டு 1889. 28 அறைகள், ஒரு நடன அறை, கூரைக்கு மேல் எழும் சதுரக் கோபுரம். முதல் உரிமையாளரின் பெயரால் வெஸ்டர்ஃபெல்ட் இல்லம் என்பது பதிவேட்டுப் பெயர். ஊர் வழக்கில் ‘ரஷ்யத் தூதரகம்’. எந்தக் காலத்திலும் அது தூதரகமாக இருந்ததில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இந்த ஆய்வின் கேள்வி எளிமையானது. அடி முதல் உச்சி வரை மரத்தாலான ஒரு வீடு, பெரிய நிலநடுக்கங்கள், ஒரு நகரத் தீ, நகராட்சியின் இடிப்புத் திட்டம், பலமுறை உரிமை மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி எப்படி அலங்காரத்தோடு முழுசாக நிற்கிறது? பழமைமீது பற்றுள்ளவர்கள் காப்பாற்றினார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். அது கடைசி அத்தியாயத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்கு முந்தைய நாற்பது ஆண்டு இந்த வீட்டைத் தாங்கிப் பிடித்தது வாடகை. அந்த வாடகையைச் சாத்தியமாக்கியது வீட்டின் அமைப்பு. அந்த அமைப்புக்குக் காரணம் அது மூலைமனை என்பது. அதைத்தான் இங்கே காட்டப் பார்க்கிறேன்.

மனை

1850களில் நகரம் மேற்கே விரிந்தபோது புதிய நிலத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்தார்கள். அளவுகோல் ஸ்பானியர் காலத்து வாரா, அதாவது சுமார் 33 அங்குலம். இந்தப் பகுதியில் ஒரு கட்டம் 150 வாராவுக்கு 100 வாரா: 412.5 அடிக்கு 275 அடி. இடையிடையே சில கட்டங்களைப் பூங்காவுக்கென்று ஒதுக்கினார்கள். மேயர் ஜேம்ஸ் வான் நெஸ் ஒதுக்கிய அலமோ சதுக்கம் அவற்றில் ஒன்று, சுமார் 12.7 ஏக்கர். வீட்டு மனைகள் பெரும்பாலும் 25 அடி அகலம். 1880களில் மெக்காலிஸ்டர், ஹேய்ஸ் தெருக்களில் கேபிள் கார் ஓடத் தொடங்கிய பிறகு இந்த மேட்டுப் பகுதி குடியிருப்புக்கு ஏற்றதாகிவிட்டது. குதிரை வண்டிக்கு மூச்சு வாங்கும் ஏற்றத்தில் வியாபாரிகள் வீடு கட்ட வந்தார்கள்.

25 அடி மனையில் வீடு கட்டுகிறவரின் சிக்கல் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டும். நடு அறைகளுக்குச் சிறு ஒளிக்குழி வைத்தால் உண்டு. அதனால்தான் இந்த நகரத்து வீடுகளின் முகப்பில் ஜன்னல்கள் சுவரைவிட்டு வெளியே துருத்தி நிற்கின்றன. துருத்திய ஜன்னலுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. காலை வெயிலோ மாலை வெயிலோ எந்தப் பக்கம் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். மூடுபனி அதிகமுள்ள ஊரில் அது அலங்காரத்துக்காக மட்டும் வைத்ததல்ல. அதேபோல அலங்காரமெல்லாம் தெருவைப் பார்த்த முகத்துக்குத்தான். பக்கவாட்டுச் சுவர் வெறும் பலகை. இரண்டு வீட்டுக்கு நடுவே தப்பித் தவறி இடைவெளி இருந்தால் எட்டிப் பாருங்கள், முன்னால் அத்தனை மினுக்கு, பின்னால் மொட்டைப் பலகை.

மூலைமனைக்கு இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. இரண்டு தெருவைப் பார்த்த இரண்டு முகம். இரண்டையும் அலங்கரித்தாக வேண்டும், செலவு கூடும். பதிலுக்கு ஒரு பக்கச் சுவர் முழுவதிலும் ஜன்னல் வைக்கலாம். 1198இன் முன்பக்கம் தெற்கே பூங்காவைப் பார்க்கிறது. எதிரே கட்டடமே வராது. மேற்கே ஸ்காட் தெரு. ஆக, தெற்கும் மேற்கும் திறந்த வெளி. வீட்டின் எந்த மாடியிலும் தெருவைப் பார்த்த அறைகள் கணிசமாகக் கிடைக்கும். 1889இல் அது ஒரு பணக்காரரின் வசதி. அறுபது ஆண்டுக்குப் பிறகு வீட்டை உயிரோடு வைத்தது அதே வசதிதான்.

மரமும் ரம்பமும்

வில்லியம் வெஸ்டர்ஃபெல்ட் ஜெர்மனியிலிருந்து வந்து மிட்டாய், பேக்கரி வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். வீட்டை வடிவமைத்த ஹென்றி கைல்ஃபஸும் ஜெர்மன்காரர். இந்த நகரத்தில் இவர் கை பட்ட வீடுகள் ஏராளம். தோட்டமும் வண்டிக் கொட்டகையும் சேர்த்த இந்த வீட்டுக்கான மதிப்பீடு 9,985 டாலர். அந்தத் தொகையை எதோடு ஒப்பிடுவது? 1886இல் பிராங்க்ளின் தெருவில் வில்லியம் ஹாஸ் என்ற மொத்த மளிகை வியாபாரி கட்டிய வீட்டுக்கு 18,500 டாலர் ஆனது. நாப் குன்றில் ரயில்வே முதலாளிகள் கட்டிய மாளிகைகள் இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதாவது வெஸ்டர்ஃபெல்ட் கோடீஸ்வரர் வரிசையில் இருந்தவரல்ல. கடையில் நின்று சம்பாதித்த பணத்தில், பார்ப்பவர்கள் வாய்பிளக்கும்படி ஒரு வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டவர். கோபுரம் அந்த ஆசைக்குச் சாட்சி. அதற்கு மேலே போய் அறை ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் பூங்காவின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

பத்தாயிரம் டாலருக்குள் இத்தனை நகாசு எப்படி முடிந்தது? பதில் ரெட்வுட் மரத்தில் இருக்கிறது. நகரத்துக்கு வடக்கே மெண்டோசினோ, ஹம்போல்ட் கடற்கரைக் காடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்த மரம். நேரான நார். முடிச்சு குறைவு. உளிக்கும் ரம்பத்துக்கும் வெண்ணெய் மாதிரி வளைந்துகொடுக்கும். கரையானும் உளுப்பும் எளிதில் அண்டாது. பிசின் இல்லாததால் பெயிண்ட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், சட்டென்று பற்றியும் எரியாது. மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே இருந்த மரப்பட்டறைகளில் நீராவி இயந்திரத்தால் ஓடும் ரம்பமும் கடைசல் பொறியும் இந்த மரத்தைத் தூணாக, பட்டையாக, பூவாக, பல்வரிசையாக வெட்டித் தள்ளின. கட்டுமானக்காரர் விலைப்பட்டியலைப் பார்த்து இத்தனை தாங்குகட்டை, இத்தனை அடிப் பூப்பட்டை என்று வாங்கி வந்து ஆணி அடித்துவிடுவார். கைவேலை என்று நாம் வியக்கும் பலதும் மில் வேலை.

இந்த வீட்டின் பாணிக்கு ஸ்டிக் என்று பெயர், இத்தாலிய வில்லா வடிவத்தோடு கலந்தது. 1870களின் இத்தாலியப் பாணி வீடுகளில் துருத்திய ஜன்னலின் பக்கங்கள் சாய்வாக இருக்கும். 1880களில் ஸ்டிக் வந்ததும் அவை செங்கோணத்துக்கு மாறின. இந்தப் பாணியில் ஒரே ஒரு ஜன்னலை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்து வந்தால் முழு இலக்கணமும் பிடிபட்டுவிடும். உச்சியில் கூரை விளிம்பைத் தாங்குவதுபோல் வரிசையாகக் கட்டைகள். உண்மையில் அவை எதையும் தாங்கவில்லை, ஒட்டிவைத்தவை. அதற்குக் கீழே சதுரக் கட்டங்களாகப் பிரித்த பலகைப் பட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குமிழோ பூவோ. ஜன்னலின் இரு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை ஓடும் நீண்ட, தட்டையான மரப்பட்டைகள். பாணிக்குப் பெயர் வாங்கித் தந்தது இவைதான். உள்ளே இருக்கும் சட்டக்கூட்டை வெளியே எடுத்துக் காட்டுவதுபோல் ஒரு பாவனை. பட்டைமேல் வரிவரியாகக் கீறல். கடைசல் பிடித்த சிறு தூண். அடியில் மறுபடி ஒரு பலகைக் கட்டம். எல்லாமே நேர்க்கோடு, செங்குத்து. அதனால் வீடு இருக்கும் உயரத்தைவிட உயரமாகத் தெரியும். 1198இல் கோபுரமும் சேர்ந்துகொள்வதால் அந்தத் தோற்றம் இரட்டிப்பாகிறது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த அலங்காரத்துக்கு கலிஃபோர்னியாவில் ‘ஈஸ்ட்லேக்’ என்று பெயர் வைத்தார்கள். சார்லஸ் ஈஸ்ட்லேக் இங்கிலாந்துக்காரர். மரச்சாமான் எளிமையாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று எழுதியவர். தன் பெயரில் கடல் தாண்டி என்ன நடக்கிறது என்று தெரிந்ததும் நொந்துபோய், இந்த ரசனையோடு தன் பெயரைச் சேர்ப்பது தனக்கு உடன்பாடில்லை என்று 1882இல் ஒரு கட்டடக்கலை இதழுக்குக் கடிதமே எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. ஏழு ஆண்டு கழித்து வெஸ்டர்ஃபெல்ட் வீடு எழுந்தது.

அலங்காரத்துக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்கூடு மெல்லிய மரச்சட்டங்களால் ஆனது. கனமான உத்தரங்களைக் கொளுவிப் பூட்டும் பழைய முறை போய், ஒல்லியான சட்டங்களை நெருக்கி நிறுத்தி இயந்திர ஆணியால் இணைக்கும் முறை அப்போது பரவியிருந்தது. சீக்கிரம் முடியும், செலவு குறைவு, நிலம் ஆடும்போது கூடு வளைந்துகொடுக்கும். இந்தக் காலத்து வீடுகளின் பலவீனம் கூட்டில் இல்லை. கீழே சுண்ணாம்புக் காரை போட்ட செங்கல் அஸ்திவாரத்தில்.

மஹோனியும் பெரும் தீயும்

வெஸ்டர்ஃபெல்ட் தன் ஆசை வீட்டில் அதிக காலம் வாழவில்லை. 1895இல் இறந்துபோனார். வீடு ஜான் மஹோனி என்ற கட்டட ஒப்பந்தக்காரரின் கைக்குப் போனது. 1906க்குப் பிறகு செயின்ட் பிரான்சிஸ், பேலஸ் போன்ற பெரிய ஹோட்டல்களைத் திரும்பக் கட்டியதில் பெயர் வாங்கியவர் இவர்.

1906 ஏப்ரல் 18, காலை 5.12. நிலநடுக்கம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. அதைத் தொடர்ந்த தீ மூன்று நாளைக்கு மேல் எரிந்து 28,000க்கும் அதிகமான கட்டடங்களைத் தின்றது. இறந்தவர்கள் சுமார் 3,000 பேர். ஹேய்ஸ், கோஃப் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் யாரோ காலை உணவு சமைக்க அடுப்பு பற்றவைக்க, நிலநடுக்கத்தில் உடைந்திருந்த புகைபோக்கி வழியாகத் தீப்பிடித்தது. அந்த இடத்திலிருந்து நம் மூலைவீடு ஒரு மைல்கூட இல்லை. அந்தத் தீ முக்கியமாகக் கிழக்கே நகரத்தின் மையத்தை நோக்கிப் போனது. மேற்கு நோக்கி வந்த பெருந்தீயை 125 அடி அகலமான வான் நெஸ் அவென்யூவில் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்துத் தடுத்தார்கள். வீடிழந்தவர்கள் அலமோ சதுக்கம் போன்ற மேட்டுப் பூங்காக்களுக்கு வந்து, கீழே ஊர் எரிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

நாப் குன்றின் கோடீஸ்வர மாளிகைகளில் மரத்தால் கட்டியவை எல்லாம் சாம்பல். ஜேம்ஸ் ஃபிளட் கட்டிய கல் மாளிகையின் வெளிக்கூடு மட்டும் மிஞ்சியது. மிட்டாய்க்காரரின் வீடு தப்பியது கட்டுமானத் திறமையால் அல்ல, வான் நெஸ்ஸுக்கு மேற்கே இருந்ததால். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்று விக்டோரிய சான் பிரான்சிஸ்கோ என்று நாம் பார்ப்பது, அந்தக் காலத்து நடுத்தர, மேல்நடுத்தர வர்க்கம் குடியிருந்த மேற்குப் பகுதி மட்டுமே. உச்சியில் இருந்தவர்களின் வீடுகள் அந்த மூன்று நாளில் போய்விட்டன.

மஹோனி செய்த ஒரு காரியத்தை இந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. வெஸ்டர்ஃபெல்ட்டின் ரோஜாத் தோட்டத்தை எடுத்துவிட்டு அங்கே வாடகைக் குடியிருப்பு கட்டினார். ஒப்பந்தக்காரர் அல்லவா, வெறும் நிலம் கண்ணை உறுத்தியிருக்கும். தோட்டத்தோடு தனித்து நிற்க வேண்டும் என்று நினைத்துக் கட்டிய வில்லா அன்றோடு நகரத்துக் கட்டடங்களில் ஒன்றாகிவிட்டது. கட்டடக்கலைக் கண்ணோடு பார்த்தால் இந்த வீட்டுக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இதுதான். பின்னாளில் வந்த எந்தக் குடித்தனக்காரரும் செய்ததைவிடப் பெரிய சேதத்தைச் செய்தவர், வீட்டின்மேல் அக்கறையும் பணமும் இருந்த ஒரு கட்டடக்காரர்.

கோபுரத்து வானொலி

மஹோனி காலத்தைப் பற்றி இரண்டு கதைகள் விடாமல் சுற்றுகின்றன. ஒன்று, மார்கோனி இந்த வீட்டு உச்சியிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலேயே முதல் வானொலிச் சமிக்ஞையை அனுப்பினார் என்பது. பெரும்பாலும் 1904 என்று ஆண்டும் சேர்த்துச் சொல்வார்கள். இன்னொன்று, மாயவித்தைக்காரர் ஹூடினி இங்கிருந்து விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மனத்தாலேயே செய்தி அனுப்பப் பார்த்தார் என்பது.

முதல் கதையின் ‘முதல்’ நிற்காது. 1899 ஆகஸ்டில், இதே நகரத்தின் கடலோரத்தில் இருந்த கிளிஃப் ஹவுஸுக்கு, கடலில் நின்ற ஒரு விளக்குக் கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தி வந்துவிட்டது. ஷெர்மன் என்ற படைக் கப்பல் கண்ணில் பட்டது என்பதுதான் செய்தி. ஏற்பாடு செய்தது ஓர் உள்ளூர்ப் பத்திரிகை. அதில் மார்கோனிக்கு வேலையே இல்லை. ஆக, ஃபுல்டன் தெருக் கோபுரத்தில் ஏதாவது சோதனை நடந்திருந்தாலும் மேற்குக் கரையின் முதல் என்ற பட்டம் அதற்குச் சேராது. ஹூடினி விஷயமும் உறுத்துகிறது. தன் கடைசி ஆண்டுகளில் ஆவியோடு பேசுகிறவர்களையும் மனோசக்தி காட்டுகிறவர்களையும் தேடித்தேடிப் போய் அம்பலப்படுத்திய மனிதர் அவர். வேடிக்கைக்குச் செய்திருக்கலாம். கோபுரம் உள்ள எந்த வீட்டுக்கும் இப்படி இரண்டு கதையாவது ஒட்டிக்கொள்ளும். ஆய்வில் அவற்றுக்கு இதற்கு மேல் இடமில்லை.

ரஷ்யர்கள், ஜாஸ்காரர்கள், அப்புறம் ஹிப்பிகள்

மஹோனி குடும்பம் 1928 வரை இருந்தது. வாங்கியவர்கள் ரஷ்யர்கள்; 1917 புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டு வந்த ஜார் ஆதரவாளர்கள். இப்படி வந்தவர்களில் பலர் ஹார்பின், ஷாங்காய் வழியாகப் பசிபிக்கைக் கடந்து இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். இதே ஃபுல்டன் தெருவில், கிழக்கே சில கட்டங்கள் தள்ளி அவர்களுடைய தேவாலயமும் இருந்தது. 1198இன் கீழ்த்தள நடன அறையை அவர்கள் ‘கரிய விழிகள்’ என்ற இரவு விடுதியாக்கினார்கள். மேல்மாடிகள் கூட்டம் போட. நாடிழந்தவர்கள் கூடிப் பேசிய இடம் என்பதால் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்தான் ரஷ்யத் தூதரகம். நூறு ஆண்டு ஆகப்போகிறது, பெயர் இன்னும் போகவில்லை.

1948இல் வீட்டை 14 குடித்தனங்களாகப் பிரித்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் ஒண்டுக்குடித்தனம். 28 அறையை 14ஆல் வகுத்தால் ஆளுக்கு இரண்டு அறை. மனையைப் பற்றி முன்னே சொன்னது இங்கேதான் பலிக்கிறது. 25 அடி வரிசை வீடு ஒன்றை இப்படிப் பிரித்தால் பாதிக் குடித்தனம் இருட்டில் கிடக்கும்; நடுச்சுவர்களை உடைத்து, படிக்கட்டை மாற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் குதறாமல் முடியாது. இரண்டு பக்கமும் திறந்த மூலைவீட்டில் ஏற்கெனவே இருக்கும் அறைகளையும் ஜன்னல்களையும் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பூட்டுப் போட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

குடிவந்தவர்கள் யார் என்பதற்கு அந்தப் பகுதியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1942இல் பக்கத்து ஃபில்மோர் பகுதியிலிருந்த ஜப்பானிய அமெரிக்கர்களை அரசு முகாம்களுக்கு அனுப்பிவிட்டது. அதே நேரம் போர்க்காலக் கப்பல் பட்டறை வேலைக்குத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். 1940இல் 4,846 ஆக இருந்த நகரத்தின் கறுப்பின மக்கள்தொகை 1950இல் 43,502. வேறு பல பகுதிகளில் அவர்களுக்கு வீடு தர மறுத்ததால் ஃபில்மோரைச் சுற்றியே குடியேறினார்கள். அங்கே ஜாஸ் தழைத்தது. கிளப்புகளில் நள்ளிரவு தாண்டி வாசித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகும் தூரத்தில் இருந்தது 1198. ஆர்ட் லூயிஸ், ஜிம்மி லவ்லேஸ் என்ற டிரம் கலைஞர்களும் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியும் இங்கே குடியிருந்தார்கள். இந்த ஹேண்டிதான் பிற்காலத்தில் சரோட் மேதை அலி அக்பர் கானோடும், நம் வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்தோடும் சேர்ந்து வாசித்து இசைத்தட்டு வெளியிட்டவர்.

1960களில் காலியோப் கம்பெனி என்ற ஐம்பது பேர் கொண்ட கூட்டுக்குழு வீட்டை எடுத்துக்கொண்டது. ஹிப்பிகளின் கூடாரமான ஹெய்ட்–ஆஷ்பரி நடந்துபோகும் தூரம், காலம் அப்படி. 1967இல் கென்னத் ஆங்கர் என்ற சோதனைத் திரைப்படக்காரர் இங்கே தங்கிப் படம் எடுத்தார். கோபுர அறையில் சாத்தான் சடங்கு, சிங்கம் கூட்டிவந்தது என்றெல்லாம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கலாம். இந்த வீட்டைப் பற்றிய எழுத்துகளில் முக்கால்வாசி இந்த இரண்டு மூன்று ஆண்டிலேயே மாட்டிக்கொண்டு நிற்பது எனக்கு அலுப்பு. கட்டடத்தைப் பொறுத்தவரை அவர்களும் வாடகைக்கு இருந்தவர்கள், அவ்வளவுதான்.

பக்கத்தில் இடித்தார்கள், இதை ஏன் விட்டார்கள்

சில தெருக்கள் தள்ளி நடந்ததைப் பார்த்தால்தான் இந்த வீடு தப்பியதன் அளவு புரியும். 1950களின் நடுவிலிருந்து நகரத்தின் மறுமேம்பாட்டு முகமை ஃபில்மோரைச் ‘சீரழிந்த பகுதி’ என்று முத்திரை குத்தி இடிக்கத் தொடங்கியது. 1960களில் இரண்டாம் கட்டம். ஜியரி தெருவை நெடுஞ்சாலைபோல் அகலப்படுத்தினார்கள். சுமார் 2,500 விக்டோரிய வீடுகள் தரைமட்டம், 883 கடைகள் மூடல், 4,729 குடும்பங்கள் வெளியேற்றம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஹேண்டியும் நண்பர்களும் வாசித்த கிளப்புகளும் அதில் போயின. 1974இல் பாரம்பரிய அமைப்பு ஒன்று முகமையோடு பேசிப் பன்னிரண்டு வீடுகளை மட்டும் சக்கரத்தில் ஏற்றி வேறிடத்துக்கு நகர்த்திக் காப்பாற்றியது.

இடிபடாத வீடுகளுக்கு வேறு ஆபத்து. 1940, 50களில் வீடு வீடாக வந்த விற்பனைக்காரர்கள், இனி பெயிண்ட் அடிக்கவே வேண்டாம் என்று ஆசைகாட்டி, மர அலங்காரத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு மேலே கல்நார் ஓடோ சிமெண்ட் பூச்சோ ஒட்டிவிட்டுப் போனார்கள். கையில் நாலு காசு இருந்த சொந்த வீட்டுக்காரர்களே இதில் அதிகம் மாட்டினார்கள். வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ இருக்கும் உரிமையாளர் அந்தச் செலவைக்கூடச் செய்யமாட்டார். 1198இல் கூரை விளிம்புக் கட்டையும் ஜன்னல் பட்டையும் மிஞ்சியதற்கு இந்தக் கஞ்சத்தனமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அளவும் ஒரு காரணம்: இரண்டு தெருமுகமும் ஒரு கோபுரமும் உள்ள வீட்டை உரித்து மூட ஆகும் செலவுக்கு வாடகை கட்டுப்படியாகாது.

இதை வைத்துக் கவனிக்காமல் விட்டால் வீடு பிழைக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபில்மோரில் இடிபட்டவையும் கவனிக்காமல் விட்ட வாடகை வீடுகள்தான். பழுது பார்க்காததையே காரணம் காட்டித்தான் அவற்றை இடித்தார்கள். அலமோ சதுக்கம் இடிப்பின் மையத்துக்கு வெளியே இருந்ததும், 14 பேரிடமிருந்து மாதாமாதம் வாடகை வந்துகொண்டிருந்ததும் சேர்ந்தே 1198ஐத் தள்ளிக்கொண்டு போயின. பிராங்க்ளின் தெருவில் ஹாஸ் கட்டிய வீடு பிழைத்தது நேர்மாறான வழியில்: 1972 வரை ஒரே குடும்பம், கடைசியில் பாரம்பரிய அமைப்புக்கு நன்கொடை. அப்படி அமைவது அபூர்வம். நகரங்களில் பெரிய பழைய வீடுகள் பிழைப்பதென்றால், பெரும்பாலும் 1198 மாதிரி ஒண்டுக்குடித்தனமாகித்தான்.

திரும்ப ஒரே வீடாக்கியது

1969இல் வீட்டை வாங்கியவர்கள் பழுதுபார்ப்பைத் தொடங்கிவைத்தார்கள். 1986இல் வாங்கிய தற்போதைய உரிமையாளர் அதைத் தன் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார். இடையில் சட்டப் பாதுகாப்பும் வந்து சேர்ந்தது: நகரத்தின் சின்னங்கள் பட்டியலில் 135ஆம் எண்; 1984இல் அலமோ சதுக்கச் சுற்றுவட்டாரம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதி; 1989 மார்ச்சில் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம். அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று 6.9 அளவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. வீடு நின்றது.

இத்தகைய வேலையில் கண்ணுக்குத் தெரிவது பெயிண்ட்டும் சுவர்த்தாளும். பணத்தை விழுங்குவது தெரியாத வேலைகள்: செங்கல் அஸ்திவாரத்தைப் பலப்படுத்துவது, மரக்கூட்டை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டுப் பிணைப்பது, குடித்தனக்காரர்களுக்காகச் செருகிய குழாய்களையும் மின்கம்பிகளையும் பிடுங்கிப் புதிதாக இழுப்பது. அதற்கெல்லாம் பிறகுதான் உள் அலங்காரம். சுவர்த்தாள்கள் விரிகுடாவுக்கு வடகிழக்கே பெனிசியாவில் 1979இல் தொடங்கிய பிராட்பரி அண்ட் பிராட்பரி நிறுவனத்துடையவை. விக்டோரிய வடிவங்களைத் திரை அச்சில் மறுபடி உருவாக்குவதே அவர்கள் தொழில். சுவருக்கு மட்டுமல்ல, கூரைக்கும் தாள் உண்டு. மூலைக்கு ஒரு துண்டு, ஓரத்துக்கு ஒரு பட்டை, நடுவே விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் என்று பல துண்டுகளாக வெட்டி, தலையை அண்ணாந்தபடி ஒட்ட வேண்டும். ஒரு துண்டு அரை அங்குலம் நகர்ந்தால் எதிர்மூலையில் கணக்கு உதைக்கும்.

வெளிப்புறத்தில் மூலைவீட்டின் சாதகமே பாதகமாகிறது. கோடையில் பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஸ்காட் தெருப் பக்கத்தை நேரடியாக அறைகிறது. பூங்காவைப் பார்த்த தெற்கு முகத்தில் மறைப்பே இல்லாமல் வெயில் அடிக்கிறது. ரெட்வுட் உளுக்காது, ஆனால் பெயிண்ட் உரியும், ஆணி துருவேறும், பட்டைக்குப் பின்னால் தண்ணீர் இறங்கும். வரிசை வீட்டுக்காரர் ஒரு முகத்துக்குச் சாரம் கட்டினால் போதும். இங்கே இரண்டு முகமும் கோபுரமும். 

வீடு தனியாருடையது, நினைத்தபோது உள்ளே போய்ப் பார்க்க முடியாது. வெளியே பார்க்கப் பூங்காவின் வடமேற்கு முனையே சரியான இடம். தெற்கு முகமும் மேற்கு முகமும் ஒரே பார்வையில் விழும். அங்கிருந்து ஃபுல்டன் தெருவில் கிழக்கே இரண்டு கட்டம் தாண்டி ஸ்டைனர் தெரு மூலைக்கு நடந்தால், 1904இல் பேராயர் ரியோர்டனுக்காகக் கட்டிய மாளிகை 1000ஆம் இலக்கத்தில் இருக்கிறது. பதினைந்து ஆண்டுக்குள் ரசனை எவ்வளவு மாறிவிட்டது என்பது இரண்டு கட்டத் தூரத்திலேயே தெரிந்துவிடும். இந்தக் காலத்து வீடொன்றின் உட்புறத்தைப் பார்க்க ஆசை இருந்தால் பிராங்க்ளின் தெரு 2007க்குப் போகலாம். ஹாஸ் குடும்பத்தின் அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். குளியலறைத் தொட்டி முதல் குடும்பத்தின் மேஜை நாற்காலி வரை அப்படியே வைத்திருக்கிறார்கள்.